கல் சத்திரத்தில் ஒரு தலைவலி

"ஒண்ணுமில்ல மாப்ளே, பித்தம். ஒரு எலுமிச்சம்பழம் கெடச்சா சரியாயிடும்."

இரவு பதினொன்றரைக்கு அத்தான் சொன்னது இது. அதற்குள் இரண்டு முறை வாந்தி. நெற்றியைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

இடம், கிர்கிஸ்தானின் தாஷ் ரபாத் பள்ளத்தாக்கு. அக்கா மகன் அந்நாட்டுத் தலைநகர் பிஷ்கெக்கில் மருத்துவம் படிக்கிறான். நம்மூர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படிப்பதால், பார்க்கப் போகும் பெற்றோர் கையோடு இப்படி ஒரு சுற்றுலாவும் போய்வருகிறார்கள். 'தாஷ்' என்றால் கல். இன்றைய சீனாவில் இருக்கும் காஷ்கர் நகருக்கான வழியில் போன வணிகர்கள் தங்க 15ஆம் நூற்றாண்டில் எழுந்த கல் சத்திரம் என்பது பரவலான கருத்து. பின்பாதி மலைச்சரிவுக்குள் புதைந்து கிடக்கிறது. வாசலைக் கடந்தால் இருண்ட நடை, அதன் முடிவில் குவிமாடக் கூடம், இருபுறமும் சின்னச் சின்ன அறைகள். வெளியே ஜூன் மாத வெயில். உள்ளே சுவரைத் தொட்டால் கை சில்லிட்டது.

உயரம் சுமார் 3,200 மீட்டர். "ஊட்டிக்கெல்லாம் போயிருக்கோமே டாக்டர்" என்பவர்களுக்கு: ஊட்டி 2,240தான். பிஷ்கெக் வெறும் 800. அங்கிருந்து ஒரே நாளில் காரில் ஏறிவிட்டோம். டாக்டரான நானே செய்த தப்பு அது. ஒட்டகத்தோடு வந்தவர்கள் நாள்கணக்கில் நடந்து, உடம்பைப் பழக்கிக்கொண்டே ஏறினார்கள். அப்படியும் உயரத்தால் வரும் தலைவலிக்குச் சிலர் தப்பவில்லை போலும். ஹான் காலச் சீன வரலாற்றில், தெற்கே இன்னொரு வழியில், 'பெருந்தலைவலி மலை', 'சிறுதலைவலி மலை' என்றே பெயர்கள் வருகின்றன.

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் 21 சதவீதம்தான். அழுத்தம் குறைவதால், அந்த உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைப்பது கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. தொல்லை உடனே தெரியாது. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். சாயங்காலம் சத்திரத்துக்குள் அறை அறையாக எட்டிப் பார்த்தவர் நடுராத்திரியில் சுருண்டது அதனால்தான்.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. படுத்திருந்தது 'போஸ் ஊய்' எனப்படும் கம்பளிக் கூடாரத்தில். இரும்பு அடுப்பில் காய்ந்த சாணம் எரிந்துகொண்டிருந்தது; குளிருக்காக உச்சியில் இருக்கும் 'துந்துக்' வளையத்தையும் மூடிவிட்டார்கள். புகைக்குழாய் கொஞ்சம் விலகியிருந்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே நிறையும். அதற்கும் இதே தலைவலி, இதே வாந்தி. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இங்கே ஏமாற்றிவிடும். மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறியதாகவே காட்டும். அதனால் உள்ளே இருந்த மற்ற மூவரையும் எழுப்பிக் கேட்டேன். யாருக்கும் தலைவலி இல்லை. அத்தானை வெளியே கொண்டுபோய் கால்மணி நேரம் உட்காரவைத்தும் அவருக்குக் குறையவில்லை. அப்படியானால் பெரும்பாலும் உயரம்தான். இருந்தாலும் குழாயை டார்ச் அடித்துப் பார்த்து, துந்துக்கைப் பாதி திறக்கச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்து, குதிகாலும் பெருவிரலும் தொடுகிற மாதிரி ஒரே கோட்டில் பத்தடி நடக்கச் சொன்னேன். "குடிச்சிருக்கேனான்னு பாக்கியா?" என்று முறைத்தாலும் நேராக நடந்தார். தள்ளாடியிருந்தால் மூளையில் நீர் கோக்கிறது என்று அர்த்தம். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில். இரண்டில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த நிமிடமே கீழே இறங்க வேண்டும்.

பாரசிட்டமால் கொடுத்தேன். தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரை கேட்டார். மறுத்துவிட்டேன், அது மூச்சை இன்னும் மந்தமாக்கும். மதுவும் அப்படித்தான்.

போகிறவர்கள் சுமார் 2,000 மீட்டரில் இருக்கும் நரின் நகரில் ஓர் இரவாவது, முடிந்தால் இரண்டு இரவு தங்குங்கள். இதயம், நுரையீரல் பிரச்சினையோ ரத்தசோகையோ இருந்தால் முன்கூட்டியே டாக்டரைப் பாருங்கள். உயரத் தொல்லையைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரை பலருக்கு உதவும். வழக்கமாக 125 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவது. ஆனால் அது சல்ஃபா வகையைச் சேர்ந்தது. அலர்ஜி உள்ளவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இருக்கிறார்கள், தானாக வாங்கிப் போட வேண்டாம்.

மறுநாள் சத்திர்-குல் ஏரிக்குக் குதிரையில் போவதாக இருந்தது. வழியில் கணவாய் 4,000 மீட்டரை நெருங்கும். அதை ரத்து செய்ததில் அக்கா மகனுக்குக் கோபம். மதியம் நரினில் இறங்கியதும் அத்தான் முதலில் கேட்டது லக்மான் என்ற நூடுல்ஸ், இரண்டு தட்டு.