எதிர்வீட்டு அண்ணனும் ஏழெட்டு ஊசிகளும்

எங்கள் எதிர்வீட்டு அண்ணனுக்குக் காசிமேட்டில் வலை தைக்கும் வேலை. வயது 61, சர்க்கரை இருக்கிறது. தூண்டில் முள்ளோ பெட்டியின் தகரமோ மாதம் ஒரு தடவையாவது அவர் கையைப் பதம் பார்த்துவிடும். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நேராகத் தெருமுனை கிளினிக்குக்குப் போய் ரண ஜன்னி (டெட்டனஸ்) வராமல் இருக்க ஒரு டிடி ஊசி போட்டுக்கொள்வார். "டிடி ஆறு மாசம்தான்பா தாங்கும்" என்பது அவர் கணக்கு. அந்த ஆறு மாதம்கூட அவர் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

இதே அண்ணன்தான் 2022-ல் கொரோனாவுக்கு மூன்றாவது ஊசியை அரசு இலவசமாகப் போட்டபோது, "நல்ல மருந்தா இருந்தா ரெண்டே போதுமே, மூணாவது எதுக்கு?" என்று கேட்டு, தெருவுக்கு வந்த சிஸ்டரைத் திருப்பி அனுப்பியவர். போன மாதம் பேத்திக்கு ஒன்றரை வயது ஊசி போட வேண்டிய நேரம் வந்தது. மறுபடி அதே கேள்வி. "ஒன்பதாம் மாசமே தட்டம்மைக்குப் போட்டாச்சு. திரும்ப அதே ஊசியா?"

அவர் வம்புக்குக் கேட்கவில்லை. தடுப்பூசி பற்றி இதைவிட நல்ல கேள்வி எனக்கும் தெரியாது. ஒரு நோய்க்கு ரெண்டு ஊசி ஆயுசுக்கும் போதும் என்கிறார்கள். இன்னொன்றுக்குப் பத்து வருஷம் என்கிறார்கள். ஃப்ளூவுக்கு வருஷா வருஷம். உடம்பு ஒன்றுதானே, ஏன் இத்தனை கணக்கு?

ஊசி போட்ட பக்கம் அக்குளில் சிலருக்கு நெறி கட்டும். கதை நடக்கிற இடம் அதுதான். அங்கிருக்கும் நிணநீர்க் கணுக்களுக்குள் பி செல்கள் என்ற ரத்த வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒவ்வொரு வடிவத்தில் ஒரு கொக்கி. ஊசியில் வந்த கிருமித் துண்டு எந்தக் கொக்கியில் ஓரளவுக்காவது மாட்டுகிறதோ, அந்த செல் பெருக ஆரம்பிக்கும். பெருகும்போது கொக்கியின் வடிவம் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். இந்தப் பக்கத்து கேரம் கிளப்புகளில் ஜெயித்தவன் போர்டிலேயே உட்கார்ந்திருப்பான், தோற்றவன் எழுந்து இடம் விட வேண்டும், இல்லையா? நெறிக்குள்ளும் அதே சட்டம். துண்டை இறுக்கிப் பிடித்த செல்லுக்கு அடுத்த ரவுண்டு உண்டு, நழுவவிட்டது செத்துப்போகும். வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் இந்தப் போட்டி நடக்கிறது. ரெண்டு டோஸுக்கு நடுவே இத்தனை வாரம், இத்தனை மாதம் என்று இடைவெளி வைப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். போட்டி முடியுமுன் மறுபடி விசில் அடித்தால் லாபம் குறைவு.

ஜெயித்தவை ரெண்டு வழியில் பிரிகின்றன. ஒரு கூட்டம் எலும்பு மஜ்ஜைக்குப் போய் உட்கார்ந்து, ராத்திரி பகல் பார்க்காமல், கிருமியைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடியை ரத்தத்தில் ஊற்றிக்கொண்டே இருக்கும். இவர்கள் வாசலில் நிற்கும் வாட்ச்மேன்கள். இன்னொரு கூட்டம் நினைவு செல்கள். இவை ஒன்றும் செய்யாமல் தூங்கும். அதே கிருமி மறுபடி வந்தால் எழுந்து வேலைக்கு வரும். முதல் தடவை ரெண்டு வாரம் பிடித்த வேலை இப்போது நாலைந்து நாளில் முடியும். பூஸ்டர் என்பது இந்தத் தூங்குகிறவர்களை எழுப்பி இன்னொரு ரவுண்டு ஆடவிட்டு, வாசலில் வாட்ச்மேன் எண்ணிக்கையையும் கூட்டுவது.

சரி, நாலைந்து நாளில் எழுந்துவிடுகிறார்கள் என்றால் பூஸ்டரே எதற்கு? எல்லாம் அந்த நாலைந்து நாளில்தான் இருக்கிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புக்குள் வந்து நோயாக மாற, பொதுவாக ரெண்டு மூன்று மாதம் எடுத்துக்கொள்ளும். நினைவு செல் எழுந்து பல் தேய்த்து டீ குடித்துவிட்டுக் கிளம்பினாலும் நேரம் இருக்கிறது. அதனால் குழந்தையில் முழுசாகப் போட்டுக்கொண்ட ஆரோக்கியமான ஆளுக்கு, ரத்தத்தில் ஆன்டிபாடி தேடினாலும் கிடைக்காத நிலையில்கூட, மறு ஊசி வேண்டியதில்லை. ஃப்ளூ அப்படி இல்லை. ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள் காய்ச்சல். ஒமிக்ரான் வகை கொரோனாவுக்கு ஏறக்குறைய மூன்று நாள். உள்ளே ஆள் எழுந்து வருவதற்குள் மூக்கு ஒழுக ஆரம்பித்துவிடும். இந்த வேகக் கிருமிகளை வாசலிலேயே நிறுத்த வாட்ச்மேன் வேண்டும், ஆனால் கொரோனா ஊசி கொடுத்த வாட்ச்மேன்கள் சில மாதத்தில் குறைந்துபோனார்கள். போதாததற்குக் கிருமி வேஷமும் மாற்றியது. இருந்தாலும் தாமதமாக எழுந்தவர்கள் நுரையீரல் வரை விடவில்லை. ஊசி போட்டவருக்கும் காய்ச்சல் வந்ததும், அவர்களில் பெரும்பாலோர் ஆக்சிஜன் படுக்கைக்குப் போகாததும் ஒரே கதையின் ரெண்டு பாதி. முதல் பாதியை மட்டும் பார்த்துத்தான் "மருந்தே டுபாக்கூர்" என்று டீக்கடையில் தீர்ப்பு வந்தது.

அண்ணனின் டிடிக்கு வருவோம். ரண ஜன்னிக் கிருமியின் விதை மண்ணிலும் சாணியிலும் கிடக்கிறது. துருப்பிடித்த ஆணிக்கும் அதற்கும் நேர் சம்பந்தம் கிடையாது. ஆழமாகக் குத்துகிற, அழுக்கான எதுவும் அதை உள்ளே கொண்டுபோகும். ஆளைக் கொல்வது அது கக்கும் விஷம். அந்த விஷம் எவ்வளவு கொடூரம் என்றால், உயிரை எடுக்கப் போதுமான அளவுகூட நோய் எதிர்ப்பு அமைப்பின் கண்ணில் பட்டு அதை எழுப்பப் போதாது. அதனால்தான் ரண ஜன்னி வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி போட்டாக வேண்டும். இங்கே தூங்குகிற ஆளை நம்ப முடியாது, ரத்தத்தில் ஆன்டிபாடி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இன்னொன்று. இது ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவாத நோய். "ஊரே போட்டிருக்கே, நான் போடலன்னா என்ன" என்ற சாக்கு தட்டம்மைக்காவது கொஞ்சம் பேசிப் பார்க்கலாம், இதற்குச் செல்லவே செல்லாது.

ஆனால் ஆறு மாதக் கணக்கு தப்பு. 2007-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு 45 பேரை, சிலரை 26 வருஷம் வரை, தொடர்ந்து பார்த்தது. ரண ஜன்னிக்கு எதிரான ஆன்டிபாடி பாதியாகக் குறைய 11 வருஷம் ஆகிறது. தொண்டை அடைப்பானுக்கு (டிப்தீரியா) 19 வருஷம். உலக சுகாதார நிறுவனம், குழந்தைப் பருவத்திலிருந்து பதின்வயதுக்குள் ஆறு டோஸ் ஒழுங்காகப் போட்டவருக்கு அதுவே பெரியவரான பிறகும் போதும் என்கிறது. அமெரிக்காவில் பத்து வருஷத்துக்கு ஒன்று என்கிறார்கள். அழுக்கான, ஆழமான காயமாக இருந்து, கடைசி ஊசி போட்டு அஞ்சு வருஷம் தாண்டியிருந்தால் ஒன்று போட்டுக்கொள்ளலாம். மாதம் ஒன்று என்று யாரும் எங்கும் சொல்லவில்லை. போன தடவை டிடி போட்ட பிறகு அண்ணனின் தோள் வீங்கி ரெண்டு நாள் கையைத் தூக்க முடியவில்லை. "பாத்தியா, மருந்து வேலை செய்யுது" என்று பெருமையாகக் காட்டினார். ரத்தத்தில் ஏற்கெனவே ஆன்டிபாடி வழிய வழிய இருக்கும்போது மேலும் மேலும் மருந்தை ஏற்றினால் இப்படி வீங்குவது உண்டு. உடம்பு "போதும்யா" என்று சொன்னதைத்தான் அவர் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டார்.

நாய்க்கடி இதற்கு நேர் எதிர். முன்பு தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி என்று பயமுறுத்துவார்களே, அது ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்து, இந்தியாவில் நின்று இருபது வருஷம் ஆகிறது. இப்போது கையில்தான். வெறிநோய்க் கிருமி நரம்பு வழியாக மூளைக்கு மெதுவாக ஊர்ந்துபோகும், பெரும்பாலும் வாரக்கணக்கில். கடித்த பிறகு ஊசி போட்டும் ஜெயிக்க முடிகிற அபூர்வமான பந்தயம் அது. ஆனால் உடனே ஓட ஆரம்பிக்க வேண்டும், அதற்கும் முன்னால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் காயத்தைக் கழுவ வேண்டும். அண்ணனை 2019-ல் ஒரு நாய் கடித்து எல்லா ஊசியும் போட்டார். ரெண்டு வருஷம் முன்பு இன்னொரு நாய். இந்தத் தடவை முதல் நாள் ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். "மிச்ச ஊசிய வித்துட்டானுங்கபா" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். உண்மையில் 2019-ல் தூங்கப்போன நினைவு செல்களை எழுப்ப அந்த ரெண்டே போதும். முழுசாகப் போட்டவருக்கு மறுபடி கடி பட்டால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் (தயார் நிலை ஆன்டிபாடி) தேவையில்லை. ஊசி ஒரு தடவை உடம்புக்குக் கற்றுக்கொடுத்தது மறக்கவில்லை என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டுமா?

பேத்திக்கு வந்த தட்டம்மை ரெண்டாம் ஊசி இந்தக் கணக்கு எதிலும் சேராது. கண்டிப்பாகச் சொன்னால் அது பூஸ்டரே கிடையாது. ஒன்பதாம் மாதம் போடும்போது அம்மாவிடமிருந்து வந்த ஆன்டிபாடி சில குழந்தைகளின் ரத்தத்தில் மிச்சமிருக்கும். அது மருந்தை வேலை செய்யவிடாமல் அமுக்கிவிடும். 100 குழந்தைகளில் ஏறக்குறைய 85 பேருக்குத்தான் அந்த முதல் ஊசி பிடிக்கிறது. யார் அந்த மிச்சம் 15 பேர் என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது. அதனால் எல்லோருக்கும் இன்னொரு தடவை. தட்டம்மை வந்த ஒருவர், தடுப்பு இல்லாதவர்கள் நடுவே, 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார். எங்கள் தெருவைப் போல ஒரே படிக்கட்டில் எட்டு குடித்தனம் இருக்கிற இடத்தில் அந்த 15 சின்ன எண்ணிக்கை இல்லை.

அண்ணனின் மருமகள், பேத்திக்குப் போடும் கக்குவான் இருமல் ஊசி பற்றி வேறு ஒன்று கேட்டாள். "தனியார்ல வலியில்லாத ஊசி இருக்காமே அங்கிள், காய்ச்சல் வராதாம்." இருக்கிறது. அரசு ஊசியில் கக்குவான் கிருமியை முழுசாகக் கொன்று போட்டிருக்கும், அதனால்தான் காய்ச்சலும் தொடை வீக்கமும். காசு வாங்கிப் போடுவதில் அதன் சில துண்டுகள் மட்டும். காய்ச்சல் குறைவு, பாதுகாப்பும் சீக்கிரம் வடியும். அமெரிக்கா 1990-களில் துண்டு ஊசிக்கு மாறியது. 2010-ல் கலிஃபோர்னியாவில் 9,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கக்குவான் வந்து 10 பச்சைக் குழந்தைகள் இறந்தன. ஊசி சீக்கிரம் வலு இழந்ததும் அதற்கு ஒரு காரணம். என் வீட்டுக் குழந்தையாக இருந்தால் ஒரு ராத்திரிக் காய்ச்சலைப் பொறுத்துக்கொள்வேன் என்றேன்.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2008 ஏப்ரலில் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தன. அந்தச் செய்தி படித்தவர்கள் இன்னும் இந்தத் தெருவில் இருக்கிறார்கள். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கொரோனா ஊசி போட்டுக்கொண்டார், 17-ம் தேதி மாரடைப்பில் இறந்தார். அவருடைய இதயத்தின் முக்கிய ரத்தக் குழாய் முழுவதும் அடைத்திருந்ததாக மருத்துவர்கள் சொன்னார்கள். ஊசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் மத்திய அரசுக் குழுவும் அதே வருஷம் அக்டோபரில், சாவுக்கு ஊசி காரணம் இல்லை என்றது. அறிக்கை ஆறு மாதம் கழித்து வந்தது. வாட்ஸ்அப் ஆறு நிமிஷத்தில் வந்தது.

ஒரு ஆளை மட்டும் வைத்துக்கொண்டு ஊசியால்தான் என்றோ இல்லை என்றோ சொல்வது கஷ்டம். ஊசி இல்லாமலே தினமும் எத்தனையோ பேருக்கு மாரடைப்பு வருகிறது. லட்சக்கணக்கானவர்கள் ஊசி போடும்போது அவர்களில் சிலருக்கு அதே வாரத்தில் வந்தே தீரும். வழக்கத்தைவிடக் கூடுதலாக வருகிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படி எண்ணித்தான் 2021-ல் ஐரோப்பாவில், நாம் கோவிஷீல்டு என்று போட்டுக்கொண்ட அதே ஊசியால் மிக அபூர்வமாக ரத்தம் உறைவதைக் கண்டுபிடித்தார்கள். அது நிஜமான பக்கவிளைவு, மறைக்க ஒன்றுமில்லை. 2024-ல் அது மறுபடி செய்தியில் வந்தபோது அண்ணன் மூன்று நாள் தூங்கவில்லை. அந்தப் பாதிப்பு ஊசி போட்ட சில வாரத்துக்குள் வருவது, மூன்று வருஷம் கழித்து வராது என்று சொன்ன பிறகுதான் சாப்பிட்டார்.

புதன்கிழமை தமிழ்நாட்டில் தடுப்பூசி நாள். நானும் அவர்களோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். வெயிலில் தகரக் கூரை டக் டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சிஸ்டர் குளிர்ப் பெட்டியிலிருந்து சீசாவை எடுத்து, மூடியிலிருந்த வட்டத்தை அண்ணனிடம் காட்டினார். வட்டத்துக்குள் ஒரு சதுரம். சூடு படப்பட அது கறுக்கும். வட்டத்தைவிட வெளிறி இருக்கும்வரை மருந்து நல்லது. பொடியைக் கரைத்ததும் சீசாவின் மேல் பேனாவால் மணி எழுதினார், 10.20. நாலு மணி நேரத்தில் தீராவிட்டால் குப்பைக்கு. "அதான் ஒரே ஒரு குழந்தை வந்தா அடுத்த புதன் வாங்கன்னு சொல்றோம், திட்டாதீங்க." ஊசி போட்டதும் சிரிஞ்சை மறுபடி இழுத்துக் காட்டினார். இழுபடவில்லை, உள்ளேயே பூட்டிக்கொண்டது. அண்ணன் அதைக் கையில் வாங்கி ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். பேத்தி அழுது ஓய்ந்து தூங்கிவிட்டாள். அப்போது மெதுவாக, "எனக்கு எதுனா போடணுமா?" என்றார். ஃப்ளூவுக்குப் போடலாம், சர்க்கரை இருக்கிறது, வயதாகிறது என்றேன். இலவச அட்டவணையில் அது இல்லை, கையிலிருந்து காசு போகும். நன்றாகப் பொருந்திய வருஷத்தில்கூட ஃப்ளூ வந்து டாக்டரிடம் போகும் வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கும், அடுத்த வருஷம் மறுபடி போட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கொரோனா ஊசி பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், 2023-லேயே உலக சுகாதார நிறுவனம் ஆரோக்கியமான இளவயதினருக்கு மேலும் மேலும் பூஸ்டர் என்று வற்புறுத்துவதை விட்டுவிட்டது, ஆனால் உன்னைப் போன்றவர்களை முதல் வரிசையில்தான் வைத்திருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

"டிடி கடைசியா எப்ப போட்டே?" என்று திருப்பிக் கேட்டேன். யோசித்தார். மனைவிக்கு போன் போட்டார். "ஏம்மே, அந்த நாய் ஊசி சீட்டு, டிடி சீட்டெல்லாம் ரேஷன் கார்டு கவர்லதானே வெச்சே?" அந்தப் பக்கம் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை.