கிழங்கைக் கீழே இழுத்தது யார்?

மும்பை செம்பூர் வாசகி ஒருவரின் கேள்வி: "கார்த்திகையில் கிளாடியோலஸ் கிழங்கைத் தொட்டியில் ஓர் அங்குல ஆழத்தில்தான் ஊன்றினேன். மழைக்கு முன் தோண்டினால் இன்னும் கீழே கிடக்கிறது. அடியில் முள்ளங்கி மாதிரி வெள்ளை வேர் வேறு. பூமி இழுத்துக்கொண்டால் வீட்டுக்கு ஆகாது என்கிறார் எதிர்வீட்டு மாமி. உண்மையா?"

இழுத்தது உண்மை. பூமி அல்ல, அந்த முள்ளங்கி வேர்தான். மாமியிடம் சொல்லிவிடுங்கள்.

ஐரோப்பாவில் கோடையில் பூக்கும் கிளாடியோலஸ் நம் சமவெளியில் குளிர்காலப் பூ. அதன் கிழங்கு வெங்காயம் போலக் குமிழம் அல்ல. சேனை மாதிரி கந்தம், அதாவது மண்ணுக்குள் பருத்த தண்டு. ஆண்டுதோறும் பழைய கந்தம் சுருங்கி மடிய, அதன் தலைமேல் புதியது உட்காரும். இப்படியே போனால் சில வருடங்களில் கிழங்கு மண்ணுக்கு வெளியே வந்து வெயிலில் காய வேண்டியதுதான். வராமல் காப்பது அந்த முள்ளங்கி வேர். சுருங்கி இழுப்பதால் அதற்குச் சுருங்குவேர் என்று பெயர்.

மழையில் நனைந்த நூல்கயிற்றுக் கொடியைப் பார்த்திருப்பீர்கள், விறைத்து இறுகிவிடும். நீரைக் குடித்த நார் பருக்கிறது, கயிறு நீளத்தில் குறைகிறது. சுருங்குவேரும் ஏறக்குறைய அப்படித்தான். சாதாரண வேரின் செல்கள் நீள்வாக்கில் வளரும். இந்த வேரின் மேல்தோலுக்கு உள்ளே இருக்கும் புறணிச் செல்களோ பக்கவாட்டில் உப்பி, நீளத்தில் குறுகுகின்றன. வேர்நுனி கீழே மண்ணைக் கெட்டியாகப் பிடித்திருப்பதால் அது மேலே வராது. கிழங்குதான் இறங்க வேண்டும். வேரின் மேல்தோல் வளையம் வளையமாகச் சுருக்கம் விழுந்திருக்கும், கழற்றிப் போட்ட காலுறை மாதிரி. உப்பும்போது மண்ணை ஒதுக்குவதால் இறங்க வழியும் உண்டாகிறது. தனக்கான பள்ளத்தைத் தானே தோண்டிக்கொள்ளும் கிழங்கு!

எவ்வளவு ஆழம் போதும் என்று அதற்கு எப்படித் தெரியும்? இஸ்ரேலியத் தோட்டக்கலை விஞ்ஞானி ஆபிரகாம் ஹாலெவி 1986-ல் கிளாடியோலஸை வைத்தே இதை ஆராய்ந்தார். மேல்மண்ணில் பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் ஏறி இறங்கும், வெளிச்சமும் எட்டும். இவ்விரண்டும்தான் சுருங்குவேரைத் தூண்டுகின்றன. ஆழத்தில் இரண்டும் அடங்கிவிடும், தூண்டுதலும் நின்றுவிடும்.

மும்பை மழை 2,000 மி.மீ.யைத் தாண்டும்; தொட்டியிலேயே விட்டால் கிழங்கு அழுகும். மே மாதத்திலேயே தோண்டி, நிழலில் உலர்த்தி, ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் இரண்டு மூன்று மாதம் வையுங்கள், உறக்கம் கலையும். அடுத்த முறை நான்கு அங்குல ஆழத்திலேயே ஊன்றிவிடுங்கள், கிழங்குக்கு வேலை மிச்சம்.