சப்டக்‌ஷன்: கீழமிழ்வு

‘சப்டக்‌ஷன்’ லத்தீன் வழி வந்த சொல். ‘சப்’ என்றால் கீழ். ‘டூக்கெரே’ என்றால் இட்டுச்செல், இழு. ஏ.சி. காற்று வரும் ‘டக்ட்’டுக்கும் இதே வேர்தான். நிலவியலில் இச்சொல்லை 1951இல் ஆல்ப்ஸ் மலைப் பாறைகளைப் பற்றிய எழுத்தில் ஆந்த்ரே ஆம்ஸ்டுட்ஸ் கையாண்டார். புவியின் மேற்பகுதி நகரும் பெரும் பாறைத் தட்டுகளால் ஆனது என்னும் புவித்தட்டுக் கொள்கை வேரூன்றிய பின், 1970 வாக்கில், ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் இறங்குவதற்கு அதுவே பெயராக நிலைத்தது.

தமிழில் ‘கீழமிழ்வு’ என்பதே என் தேர்வு. ‘உட்செருகல்’ என்றும் சொல்லலாம்; ஆனால் அதற்குச் செருகுகிற கை ஒன்று வேண்டும். லத்தீன் சொல்லிலும் இழுத்துப்போக ஒருவர் தேவை. ‘அமிழ்’ அப்படியல்ல, அது தன்வினை, ‘அமிழ்த்து’தான் பிறவினை. கடலடித் தட்டு வயதாக ஆகக் குளிர்ந்து, அடியிலுள்ள கவசப் (‘மேன்டில்’) பாறையைவிட அடர்த்தியாகிறது. பிறகு பெரும்பாலும் தன் எடையாலேயே இறங்குகிறது; இறங்கிய பகுதி பின்னால் வரும் தட்டையும் இழுக்கிறது. ‘அமிழ்’ என்பதிலேயே கீழ்நோக்கு இருக்கிறதே, ‘கீழ்’ எதற்கு என்று கேட்கலாம். இன்னொரு தட்டுக்குக் கீழே என்பதை அதுதான் காட்டுகிறது.

கீழமிழ்வு வட்டாரங்களில் நிலநடுக்கம் முக்கியமாக இரு வகை. தட்டுகள் உரசும் முகப்பில் வழுக்கினால் தட்டிடை நிலநடுக்கம். 2004இல் ஆழிப்பேரலையை எழுப்பிய சுமத்ரா நிலநடுக்கம் இவ்வகை. அமிழும் தட்டே உள்ளுக்குள் உடைந்தால் தட்டக நிலநடுக்கம். இடைக்கும் அகத்துக்கும் உள்ள இந்த வேறுபாடு பொறியாளருக்குப் பெரிய விஷயம். மெக்சிகோ நகரம் இரண்டையும் ஒரே தேதியில் கண்டது. 1985 செப்டம்பர் 19இல் பசிபிக் கரையோரத்தில் 8.0 அளவில் தட்டிடை நடுக்கம். 2017 செப்டம்பர் 19இல் நகருக்குச் சுமார் 120 கி.மீ. தொலைவில் 7.1 அளவில் தட்டக நடுக்கம். இரண்டாவதில் வேகமான, குறுகிய அலைவுகள் மிகுதி. அத்தகைய அலைவுகள் குட்டையான கட்டடங்களையே அதிகம் உலுக்கும். அதனால் இடிந்த கட்டடங்களும் பெரும்பாலும் 1985இல் இடிந்தவற்றைவிடக் குறைந்த மாடிகள் கொண்டவை.

இதைச் சொல்ல முடிவது முடுக்கப்பதிவிகளால். தரை எவ்வளவு முடுக்கத்தோடு ஆடுகிறது என்று எழுதிவைக்கும் கருவி அது. 1985இல் கரையோரக் கலேத்தா தெ காம்போஸில் பதிவான உச்சம் புவியீர்ப்பு முடுக்கத்தில் சுமார் 14 விழுக்காடு. 350 கி.மீ.க்கும் அப்பால், மெக்சிகோ நகரின் பழைய ஏரிப் படுகைக் களிமண்ணில் 17 விழுக்காடு! மென்மையான மண்ணே ஆட்டத்தைப் பெருக்கிவிட்டது. ஆகவே நிலநடுக்கப் பதிவுகளின் தொகுப்பு ஒன்றை உருவாக்க, பதிவுகளைச் சேர்த்தால் மட்டும் போதாது. ஒவ்வொன்றோடும் நடுக்கத்தின் வகை, முறிவுப் பரப்பிலிருந்து தொலைவு, நிலையத்தின் அடியிலுள்ள மேல் 30 மீட்டர் மண்ணில் குறுக்கலை (தான் செல்லும் திசைக்குக் குறுக்காக மண்ணை அசைக்கும் அலை) செல்லும் வேகம் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். இந்தச் சலிப்பூட்டும் வேலைதான் தொகுப்பின் உயிர்; அலை வரைபடத்தை எந்தக் கணினியும் சேமித்துவிடும்.

கலிபோர்னியாவின் பெர்க்லியிலுள்ள பசிபிக் நிலநடுக்கப் பொறியியல் ஆய்வு மையம் ஒருங்கிணைத்த ‘என்.ஜி.ஏ.-சப்’ தொகுப்பு இப்படி உருவானது. ‘என்.ஜி.ஏ.’ என்பது ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன் அட்டெனுவேஷன்’ என்பதன் சுருக்கம்; ‘சப்’ நம் சொல்தான். ஜப்பான், தைவான், சிலி, மெக்சிகோ, அலாஸ்கா, நியூசிலாந்து எனப் பல இடங்களிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட பதிவுகள். அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள கஸ்கேடியா என்னும் கீழமிழ்வு வட்டாரத்தின் நிலைதான் விசித்திரம். அங்கே கடைசிப் பெரிய தட்டிடை நடுக்கம் 1700 ஜனவரியில். அப்போது முடுக்கப்பதிவி ஏது? சியாட்டிலுக்கு அத்தகைய நடுக்கத்தைக் கணிப்போர் ஜப்பான், சிலி போன்ற பிற இடங்களின் பதிவுகளைப் பெரிதும் சார்ந்திருக்கிறார்கள்.