ஃப்ளெக்ஸில் பளிச், நோட்டீஸில் மங்கல்: ஏன்?

மாம்பலத்தில் சின்னதாக ஒரு புடவைக் கடை என்று வைத்துக்கொள்வோம். ஆடித் தள்ளுபடி வருகிறது. கடைக்கார அம்மா ஒரு பட்டுப்புடவையைப் போனில் படம் பிடித்து அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அதே படத்தை வைத்து வாசலில் கட்ட பத்தடி அகல ஃப்ளெக்ஸும், பேப்பருக்குள் வைத்துப் போட ஏ5 அளவு நோட்டீஸும் தயாராகின்றன. ஃப்ளெக்ஸ் பளிச்சென்று இருக்கிறது, நோட்டீஸ் மங்கல். பெரிதாக்கினால்தானே படம் கெட வேண்டும், இதென்ன தலைகீழாக இருக்கிறது? பழி நேராக அச்சகத்தின் தலையில் விழும். அவர்களோ முதலிலேயே “டாக்குமென்ட்டா அனுப்புங்கக்கா” என்று சொல்லியிருப்பார்கள், யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள்.

விஷயம் பாதி நம் கண்ணில் இருக்கிறது. நல்ல பார்வை உள்ளவருக்கு ஒரு பாகையை அறுபதாகப் பங்கிட்டால் வரும் கோணம்தான் எல்லை, அதற்குக் கீழே இரண்டு புள்ளிகள் ஒன்றாகத்தான் தெரியும். கையில் பிடித்துப் படிக்கும் தூரத்தில், அதாவது 30 செ.மீ.யில், அது சுமார் 0.09 மி.மீ. அச்சகத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளி கேட்பது இதனால்தான். தெருவுக்கு அந்தப் பக்கம், பத்து மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் அதே எல்லை கிட்டத்தட்ட 3 மி.மீ. ஆகிவிடுகிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீளப் பக்கம் சுமார் 1600 புள்ளிகளுக்குச் சுருங்கிவிடும். பத்தடி ஃப்ளெக்ஸில் பரப்பினால் ஒரு புள்ளி ஏறக்குறைய 2 மி.மீ., பத்து மீட்டரிலிருந்து கண்ணுக்கு அகப்படாது. ஏ5 நோட்டீஸின் நீளம் 21 செ.மீ., அதில் ஒரு புள்ளி 0.13 மி.மீ., கண்ணின் எல்லையைத் தாண்டிவிட்டது. ஆக, சின்ன நோட்டீஸுக்குத்தான் பெரிய படம் வேண்டும். உங்கள் போன் எடுத்த 12 மெகாபிக்சல் படத்தில் 4000க்கு 3000 புள்ளி இருக்கிறது, அதை அப்படியே கொடுத்தால் ஏ4 முழுக்கத் தாராளமாக அடிக்கலாம்.

புள்ளி குறைவது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. இன்னொரு வேலையும் நடக்கிறது, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. படக் கோப்பைச் சுருக்கிச் சேமிக்க 1992இல் தரநிலையான ஜேபெக் (JPEG) முறை, படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட குட்டிக் கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள 64 புள்ளிகளை அப்படியே எழுதி வைக்காமல், 64 வகை அலைகளின் கலவையாக மாற்றி எழுதுகிறது: முதலாவது அந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சம், அடுத்தடுத்தவை மெதுவான ஏற்ற இறக்கங்கள், கடைசியில் இருப்பவை மிக நுணுக்கமான கோடுகள். இந்தக் கணக்கு முறையை 1970களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. மாற்றி எழுதுவதால் மட்டும் எதுவும் போய்விடாது. அப்புறம்தான் கத்தி விழுகிறது. நுணுக்கமான அலைகளின் எண்களை ஒரு பெரிய எண்ணால் வகுத்து, முழு எண்ணாக்கிவிடுவார்கள், பெரும்பாலானவை பூஜ்யம் ஆகிவிடும். வானம், சுவர், கன்னம் மாதிரி வழுவழுப்பான இடங்களில் நமக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் ஜரிகை முழுக்க முழுக்க நுணுக்கக் கோடுதானே, அங்கே கட்டம் கட்டமாக, ஓரங்களில் கொசு மொய்த்த மாதிரி அழுக்காகத் தெரியும்.

நிறத்துக்கு இன்னும் மோசமான கவனிப்பு. நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கூர்மையாகவும் நிற வித்தியாசத்தைச் சுமாராகவும்தான் பார்க்கும் என்பதால், பெரும்பாலும் நாலு புள்ளிக்கு ஒரே ஒரு நிறத் தகவலைத்தான் சேமிக்கிறார்கள். கரும்பச்சை பார்டரில் ஓடும் மெல்லிய சிவப்புக் கோடு பக்கத்துப் பச்சையில் கசிந்து பழுப்பாகத் தெரிவது இதனால்தான்.

போன் ஏற்கெனவே ஒரு தடவை இப்படிச் சுருக்கித்தான் வைத்திருக்கும், ஆனால் கொஞ்சம் தாராள மனதோடு. வாட்ஸ்அப் அளவைக் குறைத்து மறுபடி சுருக்கும். எச்டி என்று தேர்ந்தெடுத்தால் இழப்பு குறையுமே தவிர நிற்காது. டாக்குமென்ட்டாக அனுப்பினால் மட்டும்தான் கோப்பு உள்ளது உள்ளபடி போய்ச் சேரும். ஸ்டேட்டஸிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒரு மூலையை மட்டும் வெட்டி, “இத போடுங்கண்ணே” என்று அனுப்புகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. ஏ5 முழுக்க நிரப்பிய வாட்ஸ்அப் படத்தில் எட்டுப் புள்ளிக் கட்டம் ஒன்று காகிதத்தில் ஒரு மி.மீ. இருக்கும். பாதியாக வெட்டிப் பெரிதாக்கினால் இரண்டு மி.மீ., கண்ணாடி இல்லாமலே எண்ணலாம்.

எடுக்கும்போதே தொலைந்த தகவலை எந்த ஆப்பாலும் மீட்க முடியாது. நல்ல சிவப்புப் புடவையை வெயிலில் எடுத்தால் சிவப்புக்கான அளவு உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும், மடிப்பெல்லாம் காணாமல் போய் வெறும் சிவப்புத் தகடு மாதிரி இருக்கும். திரையில் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு எடுங்கள். கடைக்குள் எல்இடியும் வாசல் வெளிச்சமும் கலந்து விழும் இடமும் வேண்டாம், போன் ஏதாவது ஒன்றைத்தான் வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும், மற்றது நீலமாகவோ மஞ்சளாகவோ ஒரு பக்கம் சாயும். விளக்கை அணைத்துவிட்டு, நேர் வெயில் படாத வாசல் பக்கம், எதிரே ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைத்தால் போதும். கத்திரி வெயிலில் மொட்டைமாடிக்குப் போய்க் கஷ்டப்பட வேண்டாம்.

ராணி கலரும் கிளிப்பச்சையும் தனிக் கதை. திரை ஒளியை உமிழ்ந்து நிறம் காட்டுகிறது, மை ஒளியை விழுங்கி மிச்சத்தைக் காட்டுகிறது. வழக்கமான நாலு மையால் திரையில் தெரியும் எல்லா நிறத்தையும் கொண்டுவர முடியாது, அதனால் சாம்பிள் ஒன்று அடித்துப் பார்க்காமல் ஆயிரம் நோட்டீஸ் சொல்லாதீர்கள்.

சரி, ஒரிஜினலை எங்கே வைப்பது? ரிச்சி தெருவில் வாங்கிய பென் டிரைவில் போட்டு மேஜை டிராயரில் வைத்தால் போதும் என்று நினைக்கிறோம். பென் டிரைவுக்குள் இருக்கும் ஃப்ளாஷ் நினைவகத்தில் தகவல் என்பது மின்கடத்தாப் பூச்சுக்குள் சிறைப்பட்டிருக்கும் எலக்ட்ரான்கள்தான். மின்சாரமே காட்டாமல் வருஷக்கணக்கில் வைத்தால் அவை மெல்லக் கசியும், சூடு கூடக்கூட வேகமாகக் கசியும், சென்னையில் சூட்டுக்கா பஞ்சம்? ஹார்டு டிஸ்க் பரவாயில்லை, ஆனால் கீழே விழுந்தால் அவ்வளவுதான். கூகுள் போட்டோஸில் 15 ஜிபி வரை இலவசம், ஆனால் ‘ஒரிஜினல் குவாலிட்டி’ என்று அமைத்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அங்கேயும் சுருக்கம் நடக்கும்.

படம் எடுக்கிறவர்கள் சொல்லும் கணக்கு எளிது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். அந்த வேறு இடம் கடையின் பின்னறையாக இருந்தால் கணக்கில் வராது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தை இழந்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். வாட்ஸ்அப் வழியாக வந்த படத்தில், எடுத்த தேதி, நேரம் போன்ற உள்குறிப்புகளும் உதிர்ந்திருக்கும், அதனால் ஒரிஜினலைக் கணினியில் ஏற்றும்போதே ‘2025-ஆடி-பட்டு-அரக்கு’ என்கிற மாதிரி பெயர் வைத்துவிட்டால், அடுத்த வருஷம் அச்சகத்திலிருந்து போன் வரும்போது கேலரியைத் தள்ளித் தள்ளித் தேட வேண்டியதில்லை.