கோதுமைக்கு எப்போது பசிக்கிறது?

சுவிட்சர்லாந்தில் பாசெல் நகரை ஒட்டித் தெர்வில் என்றொரு ஊர். அங்கே 1978 முதல் ஒரே நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, இயற்கை முறையிலும் வழக்கமான ரசாயன முறையிலும் பக்கத்துப் பக்கத்தில் பயிர் செய்கிறார்கள். மண் ஒன்று, மழை ஒன்று, பயிர்ச் சுழற்சியும் ஒன்று. உரமும் பயிர்ப் பாதுகாப்பும்தான் வேறு. இயற்கை விவசாயம் பற்றிய வாக்குவாதங்களில் நான் முதலில் பார்ப்பது இந்த வயலைத்தான். இரண்டு விவசாயிகளின் வயல்களை ஒப்பிட்டால், எது மண்ணால் வந்தது, எது முறையால் வந்தது என்று பிரிப்பது கடினம்.

21 ஆண்டு முடிவில், இயற்கை முறைத் துண்டுகளில் கோதுமை 14 சதவீதம் குறைவாக விளைந்திருந்தது. ஆனால் பயிர் உடனே எடுத்துக்கொள்ளக்கூடிய தழைச்சத்து (நைட்ரஜன்) அந்தத் துண்டுகளுக்கு 71 சதவீதம் குறைவாகத்தான் போயிருந்தது. மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத சத்தில் 86 சதவீத மகசூல்! மீதிச் சத்து எங்கிருந்து வந்தது? சுழற்சியில் வரும் குளோவர் என்ற பயறு வகைத் தீவனப் பயிர் காற்றிலிருந்து பிடித்துவைத்தது, மண்ணின் மட்கிலிருந்து நுண்ணுயிர்கள் பிரித்துக் கொடுத்தது, இவைதான்.

சரி, அப்படியும் ஏன் 14 சதவீதம் விழுகிறது? என் பார்வையில், சத்தின் அளவைவிட அது வந்துசேரும் நேரம்தான் பெரிய விஷயம். அங்கே இலையுதிர் காலத்தில் விதைத்த கோதுமை பனிக்காலம் முழுக்கக் குட்டையாகக் கிடக்கும். வசந்தம் பிறந்ததும் தண்டு விறுவிறுவென நீளும்போதுதான் பசி உச்சத்துக்குப் போகும். ரசாயன உரத்தை அந்த வாரமே போட்டுவிடலாம். தொழுவுரத்தின் தழைச்சத்தில் பெரும்பகுதியையோ நுண்ணுயிர்கள் சிதைத்தால்தான் வேர் உறிஞ்ச முடியும். மண் இன்னும் சில்லென்று இருப்பதால் அவை மெதுவாகவே வேலை செய்கின்றன. மண் சூடேறிச் சத்து பெருகும்போது, பட்டினி கிடந்த தூர்கள் (அடியிலிருந்து கிளைக்கும் பக்கத் தண்டுகள்) பல கதிர் விடாமலே காய்ந்திருக்கும்.

மணியின் தரமும் இதே கடிகாரத்தில்தான் ஓடுகிறது. பூக்கும் முன் இலைகளில் சேர்ந்த தழைச்சத்து, இலை பழுக்கும்போது மணிக்குள் இறங்கிப் புரதமாகிறது. அந்தப் புரதத்தில் பெரும்பங்கு குளூட்டன். அதிலுள்ள இரண்டு வகைப் புரதங்களில் கிளியாடின் பிசைந்த மாவுக்கு இழுபடும் தன்மையையும், குளூட்டெனின் விட்டால் திரும்பும் விறைப்பையும் தருகின்றன. ரொட்டி உப்புவது இந்த இரண்டாலும்தான். ரசாயன முறை விவசாயி கதிர் வரும் சமயத்தில் இன்னொரு தவணை உரம் கொடுத்துப் புரதத்தை ஏற்றிவிடலாம். இயற்கை முறையில் அந்த வசதி குறைவு. அதனால் பொதுவாக அந்த மணியில் புரதம் கொஞ்சம் குறைந்தே இருக்கும்.

தெர்வில்லில் அப்படி நடக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. புரதம், தாதுச்சத்து, ரொட்டி சுடும் தரம் எதிலுமே முறையால் வித்தியாசம் காணவில்லை. மகசூல் குறைந்தால் மணியில் சேரும் மாவுச்சத்தும் குறையும், புரதம் அவ்வளவாக நீர்த்துப்போகாது. குளூட்டெனினின் வகையை முடிவு செய்வதும் உரமல்ல, விதை ரகம். இயற்கை முறையில் விளைந்தாலே சத்து அதிகம் என்று சொல்பவர்களும் இந்த முடிவைக் கவனிக்க வேண்டும்.

தொழுவுரத்தால் பெரிய விளைச்சல் வராது என்பதும் சரியல்ல. இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட்டில் பிராட்பாக் என்ற வயலில் 1843 முதல் கோதுமைச் சோதனை நடக்கிறது. எந்த உரமும் காணாத துண்டு ஹெக்டேருக்குச் சுமார் 1 டன் தருகிறது. ஆண்டுக்கு 35 டன் தொழுவுரம் பெற்ற துண்டு, நெடுங்காலம் ரசாயன உரத் துண்டுகளுக்கு இணையாகவே விளைந்தது. ஆனால் ஒரு ஹெக்டேருக்கு 35 டன் சாணத்துக்கு எத்தனை மாடுகள், அவற்றுக்கு எவ்வளவு மேய்ச்சல் நிலம்! போதாததற்கு, அந்தத் துண்டிலிருந்து நைட்ரேட், அதாவது நீரில் கரைந்த வடிவிலான தழைச்சத்து, நிறையவே நீரோடு கசிந்து போகிறது. பயிர் கேட்காத நேரத்திலும் நுண்ணுயிர்கள் சத்தைப் பிரித்துக்கொண்டே இருப்பதுதான் காரணம்.

அப்புறம், தெர்வில்லின் 14 சதவீதத்தில் ஒரு நுட்பம் உண்டு: அது முழு இழப்பையும் காட்டுவதில்லை. அங்கே ரசாயன முறைத் துண்டுகளும் அதே குளோவர்ச் சுழற்சியில்தான் இருக்கின்றன. நிஜத்தில் உர மூட்டை கைவசம் இருக்கும் விவசாயி குளோவருக்கு நிலம் விட வேண்டியதில்லை, அந்த ஆண்டிலும் தானியமே போடலாம். இயற்கை விவசாயிக்கோ குளோவர் நிற்கும் ஆண்டில் அந்த நிலத்திலிருந்து ஒரு மணி கோதுமைகூட வராது. மாடு வைத்திருந்தால் அது தீவனமாகி, பாலும் எருவுமாகத் திரும்பும்.