பெத்திரிக்கிண்ணத்தில் வளராததை அடையாளம் காண்பது எப்படி?

மலையகத்தின் வரலாற்றை இரண்டு பங்கசுகள் புரட்டிப் போட்டிருக்கின்றன. முதலாவது கோப்பி இலைத்துரு. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைட்ஸ் அனுப்பிய நோயுற்ற இலைகளை ஆராய்ந்து, பங்கசு ஆய்வாளர்களான பெர்க்லியும் புரூமும் 1869இல் அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, அதே மலைகளில் தேயிலை ஏறியது. இரண்டாவது, 1946இல் இலங்கைக்கு வந்து சேர்ந்த கொப்புளக் கருகல் நோய். தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் விடாமல் நிற்கும் நாட்களில் தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இளம் இலையைப் பறித்துப் புரட்டிப் பாருங்கள். மேற்பக்கத்தில் ஒளி ஊடுருவும் வெளிர்ந்த வட்டம் சற்றே குழிந்திருக்கும். அதற்கு நேர் கீழே, அடிப்பக்கத்தில், வெண்ணிறமாகப் புடைத்திருக்கும். அந்த வெண்மை முழுவதும் காற்றில் பரவக் காத்திருக்கும் வித்திகள். முற்றிய இலையை விட்டுவிட்டு, நாம் பறிக்கும் கொழுந்தையே தேடித் தாக்குவதுதான் இந்தப் பங்கசின் கொடுமை.

இரண்டுக்கும் ஒரே பிடிவாதம் உண்டு: உயிருள்ள இலை இருந்தால்தான் அவை வாழும். நுண்ணுயிர் வளர்க்கும் பெத்திரிக்கிண்ணத்தில் ஏகர் என்ற கூழை ஊற்றி, சத்தூட்டி, சரியான வெப்பநிலையில் வைத்தாலும் அவை வளர்ந்து தருவதில்லை. நுண்ணுயிரியல் பட்டதாரி ஆய்வுகூடத்தில் ஆண்டுக்கணக்காகப் பழகிய கைவேலை இங்கே கைகொடுப்பதில்லை. மண்ணிலும் இதே நிலைதான். ஒரு சிட்டிகை மண்ணில் நுணுக்குக்காட்டி காட்டும் பற்றீரியாக் கலங்களில், வழக்கமான முறையில் கிண்ணத்தில் வளர்பவை நூற்றுக்கு ஒன்றளவுதான். மற்றவற்றை நம் கண்ணுக்குக் கொண்டுவரும் வழி, அவற்றின் டி.என்.ஏ.யை நேரடியாக வாசிப்பது. அப்படி வாசித்ததைக் கணினியால் ஆராயும் துறைதான் உயிர்த் தகவலியல். நுண்ணுயிரியல் படித்த பிள்ளை கணினி முன் போய் உட்காருவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. வேலை கிடைக்கும் என்பது இரண்டாம் பட்சம்.

டி.என்.ஏ. முழுவதையும் வாசிக்க வேண்டியதில்லை. எல்லாப் பற்றீரியாவிலும், புரதம் ஆக்கும் இறைபோசோமின் ஒரு கூறை ஆக்கும் பரம்பரையலகு (மரபணு) உண்டு. அதை 16எஸ் என்பார்கள். டி.என்.ஏ.யின் நான்கு வகை அலகுகளை எழுத்துகளாகக் கொண்டால், அதன் நீளம் சுமார் 1500 எழுத்துகள். அதன் சில பகுதிகள் எல்லா இனங்களிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். இடையிடையே ஒன்பது பகுதிகள் இனத்துக்கு இனம் மாறும். மாறாத பகுதியில் பிரைமர் என்ற சிறு டி.என்.ஏ. துண்டைப் பொருத்தி, பீ.சீ.ஆர். என்ற படியெடுக்கும் முறையால் பெருக்கினால், இடையிலுள்ள மாறும் பகுதி நம் கைக்கு வரும். 1977இல் கார்ல் வூஸும் ஜோர்ஜ் பொக்ஸும் இந்த மூலக்கூறை ஒப்பிட்டுத்தான், பற்றீரியாவென்று எண்ணப்பட்டிருந்த ஒரு கூட்டம் முற்றிலும் வேறான, ஆர்க்கியா எனப்படும் தனி உயிரினக் குழு என்று கண்டார்கள். பங்கசுகளுக்கு ஐ.டி.எஸ். என்ற வேறொரு பகுதி இதே வேலையைச் செய்கிறது.

டி.என்.ஏ. வாசிப்புப் பொறியிலிருந்து வரும் கோப்பில், வாசித்த ஒவ்வொரு டி.என்.ஏ. துண்டுக்கும் நான்கு வரிகள் இருக்கும். முதல் வரி பெயர். இரண்டாவது ஏ, ரி, ஜி, சி என்ற எழுத்துகளின் தொடர். மூன்றாவது ஒரு கூட்டல் குறி. நான்காவதைத்தான் புதியவர்கள் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். ஒவ்வோர் எழுத்தையும் எவ்வளவு நம்பலாம் என்பதை ஒற்றைக் குறியால் சொல்லும் வரி அது. இன்று வழங்கும் முறையில் அங்கே கேள்விக்குறி நின்றால் அந்த எழுத்து தவறாக இருக்கும் வாய்ப்பு 1000இல் 1. எண் 5 நின்றால் 100இல் 1. துண்டின் கடைசிப் பக்கத்தில் இந்தக் குறிகள் பெரும்பாலும் தரம் இறங்கிக்கொண்டே போகும். அந்த வாலை வெட்டாமல் மேலே போனால், வாசிப்புப் பிழைகளெல்லாம் புதிய இனங்களாக வேடம் போடும்.

அடுத்தது தேடல். உலகப் பொதுத் தரவுத்தளங்களில் குவிந்திருக்கும் தொடர்களோடு நம் துண்டை எழுத்தெழுத்தாக முழுமையாக ஒப்பிட்டால் காலம் போதாது. 1990இல் வெளியான பிளாஸ்ட் என்ற நிரல் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டது. பல்லவி மறந்துபோன பாட்டை, நினைவிலிருக்கும் இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு மீட்பதுபோல, அது நம் தொடரைச் சிறு துண்டுகளாக்கி, அவை அப்படியே அமைந்திருக்கும் இடங்களை மட்டும் முதலில் பிடிக்கிறது. பழைய இயல்பமைப்பில் அந்தத் துண்டின் நீளம் 11 எழுத்து. நான்கே எழுத்துகளைக் கொண்டு 11 எழுத்துச் சொற்கள் ஏறத்தாழ 42 இலட்சம் அமைக்கலாம். ஆகவே ஒரு குறிப்பிட்ட சொல் தற்செயலாகத் தென்படுவது அரிது. பொருத்தம் கிடைத்த இடத்திலிருந்து இருபுறமும் நீட்டிக்கொண்டே போய், ஒத்துப்போனால் புள்ளி கூட்டி, முரண்பட்டால் குறைத்து, இறுதியில் இவ்வளவு நல்ல பொருத்தம் தற்செயலாக எத்தனை முறை வரக்கூடும் என்ற மதிப்பையும் தருகிறது. அந்த மதிப்பு பூச்சியத்தை எவ்வளவு நெருங்குகிறதோ, பொருத்தம் தற்செயலானதாக இருக்கும் ஐயம் அவ்வளவு குறையும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த மதிப்பு, பெயர் சரி என்று சான்று கூறுவதில்லை. நிரல் தருவது தரவுத்தளத்தில் இருப்பவற்றுள் மிக அருகிலுள்ளதை. நம் மலை மண்ணின் உயிரி அங்கே பதிவாகவே இல்லையென்றால், அதன் தூரத்து உறவினரின் பெயரைத்தான் அது நீட்டும்.

தேயிலை இலையைக் கழுவாமல் அரைத்து, டி.என்.ஏ. எடுத்து, 16எஸ் வாசித்தால் என்ன ஆகும்? பட்டியலின் உச்சியில் பெரும்பாலும், ஒளித்தொகுப்புச் செய்யும் பற்றீரியாவான சயனோபற்றீரியா வந்து நிற்கும். கணினி மட்டும் தெரிந்தவர், இலை முழுவதும் அந்த உயிரி மண்டிக் கிடக்கிறது என்று அறிக்கை எழுதிவிடுவார். உயர்தர உயிரியல் பாடத்தை மறக்காதவர் சிரமமில்லாமல் பிடித்துவிடுவார்: அது இலையில் ஒளித்தொகுப்புச் செய்யும் கலப் புன்னங்கமான பச்சையவுருமணி. அதன் முன்னோர், ஒரு காலத்தில் தாவரக் கலத்துக்குள் குடிபுகுந்த சயனோபற்றீரியா. ஆதலால் அதன் 16எஸ் இன்றும் அந்த உறவைக் காட்டுகிறது. கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியும் இப்படியே வேறொரு பற்றீரியாக் குடும்பத்தின் பெயரில் வந்து நிற்கும். இவ்விரண்டையும் நீக்கிய பின்னரே இலையில் வாழும் உண்மையான பற்றீரியாக்களைப் பற்றிப் பேசலாம். டி.என்.ஏ. பிரித்தெடுக்கும் இரசாயனங்களிலும் பற்றீரியா டி.என்.ஏ. ஒட்டியிருக்கும் என்பதால், மாதிரி எதுவும் இடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் கூடவே ஓட்ட வேண்டும். கையில் தொற்றுநீக்கி தடவி, சுவாலைக்கு அருகில் கிண்ணம் திறந்து பழகியவருக்கு இதன் அவசியத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. நுண்ணுயிரியலாளர் உயிர்த் தகவலியலுக்குக் கொண்டுவரும் சொத்து இந்தச் சந்தேகப் புத்திதான். நிரலெழுத யாரும் கற்றுக்கொள்ளலாம். இது ஆய்வுகூடத்தில் கைபட்டு வருவது.

பட்டத்துக்குப் பின் எல்லோரும் ஆய்வாளராகவே இருந்துவிடுவதில்லை. மருந்துக்கு அடங்காத பற்றீரியாவை மருத்துவமனைகளில் பின்தொடரவும், பால், உணவு ஆலைகளில் மாசு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவும் இதே திறமை வேண்டும். கொரோனாக் காலத்தில் சுமார் 30,000 எழுத்துகள் கொண்ட வைரசு மரபணுத் தொகுதியை வாசித்துத்தான் புதிய திரிபுகளை அடையாளம் கண்டார்கள். 2013இல் ஓர் ஆய்வுக் குழு, அருங்காட்சியகங்களில் உலர்த்தி வைத்திருந்த 19ஆம் நூற்றாண்டு உருளைக்கிழங்கு இலைகளிலிருந்து அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான நோய்க்கிருமியின் மரபணுத் தொகுதியையே மீட்டெடுத்தது. கோப்பித் துருவுக்கும் இப்படி ஒருவர் முயல வேண்டும், அவர் மலையகத்திலிருந்து வர வேண்டும் என்பது என் ஆசை.

தொடங்குவதற்குப் பணம் தேவையில்லை. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் தரவுத்தளங்கள் தமக்குள் தரவைப் பரிமாறிக்கொண்டு உலகுக்கே இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன. லினக்ஸ் என்ற இயங்குதளமும், பைதான், ஆர் என்ற நிரல் மொழிகளும் இலவசம். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ சுமாரான மடிக்கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் போதும். ஏதாவதொரு தாவர இலையின் 16எஸ் தரவை இறக்கி, தரம் குறைந்த வால்களை வெட்டி, மிஞ்சியதில் பச்சையவுருமணிக்குச் சொந்தமானவை எத்தனை விழுக்காடு என்று கணக்கிடுங்கள். அது பாதிக்கு மேல் போனாலும் திகைக்காமல் நீக்கிவிட்டு, மிஞ்சிய பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அந்த உயிரி அந்த இலையில் வாழக்கூடியதுதானா என்று பாடநூலைப் புரட்டிப் பாருங்கள்.