சின்ன எம்மும் பெரிய எம்மும்

பள்ளிக்கூட மொட்டை மாடியில் சோலார் வைக்கப் போகிறோம், விலைப்புள்ளியைச் சரிபார்த்துத் தாருங்கள் என்று சென்ற வாரம் ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தது. முதல் பக்கத்திலேயே ‘நிறுவு திறன்: 10’ என்று போட்டு, பக்கத்தில் பெரிய எம், பெரிய டபிள்யூ. பத்து மெகாவாட்! மாடியின் பரப்பு இரண்டு வரி தள்ளி இருக்கிறது: 1,200 சதுர அடி. சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினேன். இரண்டு நாளில் திருத்திய தாள் வந்தது. பெரிய எம்மை அழித்துவிட்டுச் சின்ன எம் போட்டிருந்தார்கள். பத்து மில்லிவாட். இன்வெர்ட்டரின் முகப்பில் பச்சையாக மினுக்குமே ஒரு பொட்டு விளக்கு, அதற்கே போதுமோ போதாதோ.

அவர்களுக்கு வேண்டியிருந்தது பத்துக் கிலோவாட். தொகை மட்டும் இரண்டு தாளிலும் பத்துக் கிலோவாட்டுக்கு உரியதாகத் துல்லியமாக இருந்தது. பணத்தில் யாரும் சைபரைத் தவறவிடுவதில்லை.

இருபத்தாறு வருடமாக மின் ஆலோசகராக இருக்கிறேன். இந்த வருடம் மட்டும் இது ஐந்தாவது தாள். இனியும் பொறுமையாகத் தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மில்லி என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெகா என்றால் பத்து லட்சம் மடங்கு. ஆக, ஒரு மெகாவாட்டில் நூறு கோடி மில்லிவாட் அடங்கும். எழுத்தில் உள்ள வித்தியாசம் எம் என்ற ஒற்றை எழுத்தின் உயரம். கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையத்துக்கு ஏறக்குறைய 2,500 ஏக்கர் தேவைப்பட்டது. மெகாவாட்டுக்கு நான்கு ஏக்கர் என்று வையுங்கள். பள்ளிக்கூடம் கேட்டதாகத் தாளில் உள்ள பத்து மெகாவாட்டுக்கு நாற்பது ஏக்கர் வேண்டும். அவர்களுடைய மாடி மூன்று சென்டுக்கும் குறைவு.

நம் மொழியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. வாயால் சொல்லும்போது இரண்டுமே ‘எம் டபிள்யூ’தான். போதாக்குறைக்கு விண்ணப்பப் படிவங்களில் ‘எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் நிரப்பவும்’ என்று ஒரு கட்டளை. அதற்குக் கீழ்ப்படிந்து நிரப்பினால் மில்லிவாட் எல்லாம் மெகாவாட் ஆகிவிடும். தட்டுவதையெல்லாம் தானாகவே பெரிய எழுத்தாக மாற்றிவிடும் மென்பொருள்களும் உண்டு. அவற்றை எழுதியவர்கள் என் கையில் அகப்பட்டால் ஒரு கேள்வி கேட்பேன். (கிலோவுக்கும் சின்ன ‘கே’தான் முறை, பெரிய ‘கே’ வெப்பநிலையின் கெல்வினுக்கு உரியது. அந்தச் சண்டையை நான் விட்டுப் பல வருடமாகிறது.)

ஆனால் என்னை உண்மையிலேயே எரிச்சல்படுத்துவது எழுத்துப்பிழை இல்லை. ‘பெரிய அலகுக்கு மாற்றினால் எண்ணும் பெரிதாகும்’ என்ற நம்பிக்கை. டிப்ளமா முடித்து வேலை கேட்டு வந்த ஒரு தம்பியிடம், இரண்டாயிரம் கிலோவாட் எத்தனை மெகாவாட் என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் ‘இருபது லட்சம்’ என்றார். மெகா பெரியதாயிற்றே, ஆகவே பெருக்கிவிட்டார். தம்பி, வீட்டில் நெல்லைப் படியால் அளந்தால் எத்தனை படி வரும்? அதே குவியலை மூட்டையாகக் கட்டினால் எத்தனை மூட்டை வரும்? படி சின்னது, அதனால் எண்ணிக்கை அதிகம். மூட்டை பெரியது, எண்ணிக்கை குறைவு. நெல் அதேதான். ஐந்நூறு ரூபாயைப் பைசாவாக்கினால் ஐம்பதாயிரம். நோட்டாக வைத்திருந்தால் ஒன்று. இதில் ஒருவரும் தடுமாறுவதில்லை. வாட் என்றதும் ஏனோ மூளை கழன்றுகொள்கிறது. சின்ன அலகிலிருந்து பெரிய அலகுக்குப் போனால் வகுக்க வேண்டும், எண் சிறுக்க வேண்டும். இரண்டாயிரம் கிலோவாட் இரண்டே இரண்டு மெகாவாட். மாற்றிய பிறகு எண் பெருத்திருந்தால் நீங்கள் தலைகீழாகச் செய்துவிட்டீர்கள். அவ்வளவுதான், வேறு எதையும் சரிபார்க்க வேண்டாம், மறுபடி போடுங்கள்.

அடுத்து, காற்புள்ளி. வெளிநாட்டு இயந்திரத்தின் கையேட்டில் 2,500,000 வாட் என்று இருக்கும். நாம் லட்சம், கோடி என்று கண்ணைப் பழக்கியவர்கள். முதல் காற்புள்ளியைப் பார்த்ததும் இரண்டு கோடியே ஐம்பது லட்சம் என்று வாய் வாசித்துவிடும். அது 25,00,000. இருபத்தைந்து லட்சம் வாட், அதாவது இரண்டரை மெகாவாட். காற்புள்ளியை நம்பாதீர்கள், சைபரை எண்ணுங்கள். நமக்கு ஒரு வசதியும் உண்டு: மெகா என்பது பத்து லட்சம், கிகா என்பது நூறு கோடி, டெரா என்பது லட்சம் கோடி. ஒரு கிகாவாட்டில் எத்தனை மில்லிவாட் என்று யாராவது மடக்கினால், லட்சம் கோடி என்று மூச்சுவிடாமல் சொல்லலாம்.

மில்லி என்றாலே அற்பம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். திருவிழாக் கடையில் பச்சை லேசர் விளக்கை வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுக்கிறீர்களே, அதன் ஒட்டுத்தாளை ஒருமுறை படியுங்கள். 1 மில்லிவாட்டுக்குள் என்றால் கண் தானாகச் சிமிட்டித் தப்பித்துக்கொள்ளும். 500 மில்லிவாட் அரை வாட்தான். ஆனாலும் அந்த ஒளி முழுவதும் விழித்திரையில் ஊசிமுனை அளவுக்குக் குவிந்து விழும். தயவுசெய்து அதை விளையாட்டுப் பொருளாகத் தராதீர்கள்.

நாளிதழ் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ‘தினமும் 1,000 மெகாவாட் உற்பத்தி’ என்று எழுதாதீர்கள். மெகாவாட் என்பது அந்தக் கணத்தில் ஓடும் வேகம். கூடங்குளத்தின் ஓர் உலை 1,000 மெகாவாட்டில் நாள் முழுக்க ஓடினால் கிடைப்பது 2 கோடியே 40 லட்சம் யூனிட். இதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்? கைக்கு எட்டிய சில அளவுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூரை மின்விசிறி 75 வாட். கிணற்றில் இறக்கிய ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய 3.7 கிலோவாட். 6,000 குதிரைத்திறன் கொண்ட மின்ரயில் இன்ஜின் நாலரை மெகாவாட். தமிழ்நாடு முழுவதற்கும் கோடையில் ஒரே நேரத்தில் தேவைப்படுவது 2024-இல் 20 கிகாவாட்டைத் தாண்டியது. தாளில் உள்ள எண்ணை இந்த வரிசையில் எங்காவது பொருத்திப் பாருங்கள். ஒரு பள்ளிக்கூடம் இரண்டு ரயில் இன்ஜினுக்கு மேல் கேட்கிறது என்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசியுங்கள்.

கோப்பில் குறியீடே வேண்டாம், மில்லிவாட், மெகாவாட் என்று தமிழில் முழுதாக எழுதுங்கள். தொலைபேசியில் ‘எம்’ என்ற எழுத்தை உச்சரிக்கவே உச்சரிக்காதீர்கள். தொகைக்கு எழுத்தாலும் எண்ணாலும் எழுதுகிறோமே, திறனுக்கும் அப்படி எழுதினால் கை ஒன்றும் தேய்ந்துவிடாது. இளம் பொறியாளர்களே, கையெழுத்துப் போடுமுன் அலகை விரல் வைத்துப் படியுங்கள். பிறகு நேரமில்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள். திருப்பி அனுப்பிய தாளுக்காக இரண்டு நாள் காத்திருக்க நேரம் இருந்ததல்லவா?

பள்ளிக்கூடத்துச் செயலர் நேற்று மூன்றாவது தாளை அனுப்புமுன் எச்சரிக்கையாகத் தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, பத்துக் கிலோ. அரிசி வாங்குகிற அதே கிலோதான். டைப் அடிக்கச் சொல்லிவிடட்டுமா?”